தக்கன் மகளிர் 27 பேர்: நிலவுப் பாடத்தில் கதைக்குரிய இடம்

நிலவைப் பற்றிய பாடம் வகுப்பறையில் பெரும்பாலும் பாட்டி வடை சுடும் கதையோடுதான் தொடங்குகிறது. பிள்ளைகள் சிரித்து முடித்ததும், "அது கட்டுக்கதை, உண்மை வேறு" என்று ஆசிரியர் பாடத்துக்குள் போய்விடுவார். கதை கசப்பு மருந்துக்கு முன் நீட்டும் வெல்லக்கட்டியாக நின்றுவிடுகிறது. கதையை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஒரு கருதுகோளாக எடுத்து வானத்தோடு ஒத்துப்பார்க்க வைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தக்கன் தன் 27 மகளிரைச் சந்திரனுக்கு மணமுடித்தான். சந்திரனோ ரோகிணியிடமே மயங்கிக் கிடந்தான். மாமனாரின் சாபத்தால் தேய்ந்தான். சிவன் முடியேறி மீண்டும் வளர்ந்தான். (நிலவு சில ஆண்டுகளில் ரோகிணி மீனை மாதந்தோறும் மறைத்துச் செல்வதுண்டு, 2015 முதல் 2018 வரை அப்படி நடந்தது. கதை அதிலிருந்துதான் பிறந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன்.) இக்கதைக்குள் இரண்டு கால அளவுகள் பின்னிக் கிடக்கின்றன. 27 மனைவியர் என்பது விண்மீன்களினூடே நிலவு ஒரு சுற்று வரும் காலம், ஏறத்தாழ 27.3 நாள். தேய்ந்து வளரும் சுற்றுக்கோ 29.5 நாள் ஆகிறது. ஒரே நிலவுக்கு ஏன் இரண்டு கணக்கு?

விடை நம் திருவிழாக்களில் இருக்கிறது. கார்த்திகையில் கார்த்திகை, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம், சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம்: எல்லாம் முழுநிலவையோ அதை ஒட்டிய நாளையோ சார்ந்தவை. 27 நட்சத்திரங்களையும் வரிசையாக எழுதி இந்த ஏழையும் வட்டமிடச் சொல்லுங்கள். கார்த்திகையிலிருந்து திருவாதிரைக்கு மூன்று படி. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு. 27-ஐ 12 மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு 2.25 படி வருகிறது அல்லவா? முழுநிலவு கதிரவனுக்கு நேரெதிரே நிற்க வேண்டும். நிலவு ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி தன் பாதையில் சுமார் 27 பாகை நகர்ந்துவிடுகிறது. நாளுக்கு 13 பாகை வீதம் செல்லும் நிலவு அந்த எதிர்நிலையைப் பிடிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேலாக ஓட வேண்டியிருக்கிறது. கதிரவன்தான் நகர்கிறது என்று கொண்டாலும் இதே கணக்கு வரும். பஞ்சாங்கம் அப்படித்தான் கணிக்கிறது. நகர்வது பூமியா கதிரவனா என்று கூர்மையான மாணவி ஒருத்தி கேட்டால் ஆசிரியர் மழுப்பக் கூடாது.

இதைக் காட்டி 'முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்' என்று முழங்கினால் பாடம் கெட்டது. கதை எண்ணிக்கையைப் பிடித்தது, காரணத்தைப் பிடிக்கவில்லை. மூன்றாம் பிறையன்று மாலை மேற்கே பார்த்தால், பிறையின் அணைப்பில் மிச்ச வட்டமும் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்டுத் திரும்பிய வெயில். நிலவில் எதுவும் தேய்ந்துபோகவில்லை என்பதற்கான சான்றைப் பிள்ளைகளே கண்ணால் காண்பார்கள்.

கிரகணத்தில் ராகு, கேது என்னும் பாம்புகள் நிலவை விழுங்கும் கதையின் பயன் வேறு. பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் திங்களைப் பாம்பு மாதந்தோறும் விழுங்க வேண்டுமே! கிரகணம் அரிதாவதற்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதே காரணம். ராகுவும் கேதுவும் அப்பாதை கதிரவனின் தோற்றப்பாதையை வெட்டும் இரு புள்ளிகள். ஜாதகக் கட்டத்தில் அவை எப்போதும் எதிரெதிரே நிற்பது அதனால்தான்.

இன்னொன்று. அறிவியல் நூற்படங்களில் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கிறது. வடக்கே உயர் அகலாங்குகளில் தெரியும் காட்சி அது. 13 பாகை வட அகலாங்கிலுள்ள சென்னையில் மாலைப் பிறை பல மாதங்களில் தோணிபோல் மல்லாந்து கிடக்கும். மாணவர் வரைந்துவரும் தோணிப்பிறையை நூற்படத்துக்கு ஏற்ப நிமிர்த்தச் சொல்லும் முன், ஆசிரியரும் ஒரு மாலை மொட்டைமாடிக்குப் போய்வர வேண்டும்.