அம்மன் காசும் க்யூஆர் அட்டையும்

கீழராஜ வீதி டீக்கடையில் போன வாரம் பன்னிரண்டு ரூபாயை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். சவுண்ட் பாக்ஸ் கத்தியது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதே ஊரில் ஒரு காலத்தில் சொந்தக் காசே புழங்கியது என்பது ஞாபகம் வந்தது.

அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. ஓர் அணாவுக்கு 20 காசு, அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 320. நவராத்திரியில் அரண்மனை தானமாகக் கொடுத்த அரிசியோடு இந்தக் காசும் சேர்ந்து போகும். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அந்தக் கதை முடிந்தது. அந்தச் செப்புக் காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எந்த ஏட்டிலும் பதிவு கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கணக்கு எழுதிய பணமும் நம்ம மாவட்டத்திலேயே இருந்தது. பொன்னமராவதி, ராயவரம் பக்கத்து நகரத்தார் உண்டியலில் பணம் அனுப்புவார்கள். (கோயில் உண்டியல் இல்லை. இது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு.) ரங்கூன் கடையில் பணத்தைக் கட்டினால் சீட்டு கிடைக்கும், அதைக் காட்டி ஊரில் வாங்கிக்கொள்ளலாம். கப்பலில் பணமூட்டை போகவில்லை, தகவல்தான் போனது. கடைகளுக்குள் யார் யாருக்கு எவ்வளவு என்பதைப் பின்னால் பேரேட்டில் நேர் செய்துகொண்டார்கள்.

சாஃப்ட்வேர்காரனாக இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 2016 ஏப்ரலில் வந்த யுபிஐயும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. என்பிசிஐயின் சர்வர் வழியாக ரெண்டு வங்கிகளுக்கும் செய்தி போகிறது, என் கணக்கில் கழிகிறது, டீக்கடைக்காரர் கணக்கில் ஏறுகிறது. வங்கிகள் தங்களுக்குள் ஒவ்வொரு பன்னிரண்டு ரூபாயையும் தனித்தனியாகக் கைமாற்றிக்கொள்வதில்லை. ஒரு நாளில் சில தடவை மொத்தமாகக் கூட்டிக் கழித்து, மிச்சத்தை மட்டும் ரிசர்வ் வங்கியில் தீர்த்துக்கொள்கின்றன. கப்பல் வேகம் நொடி வேகமாக மாறியிருக்கிறது, சூத்திரம் பழசுதான்.

வித்தியாசம் பேரேடு யார் கையில் என்பதில். செட்டியார் ஏடு பெட்டகத்தில் பூட்டியிருந்தது. அதற்காக அந்தக் காலத்தைப் புகழ வரவில்லை. 1930-களில் நெல் விலை சரிந்தபோது, கடன் கட்ட முடியாத பர்மா விவசாயிகளின் நிலம் அதே ஏடுகள் வழியாகத்தான் கைமாறியது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 25 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. கணக்கு வைத்திருப்பவன் கை எப்போதுமே ஓங்கித்தான் இருக்கும்.

இப்போதைய ஏடு வங்கியிடமும் ஆப் கம்பெனியிடமும் இருக்கிறது, தேவைப்பட்டால் அரசாங்கமும் கேட்டு வாங்கலாம். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு வருஷ வரம்பு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். விற்றுமுதல் வேறு, லாபம் வேறு என்று பேக்கரிக்காரர் எத்தனை பேரிடம் விளக்குவார்? பெங்களூரில் பல கடைகளில் அட்டையைக் கழற்றிவிட்டு ‘கேஷ் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். வரி ஏய்ப்பை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் டெபாசிட்டுக்கு வந்ததா, மச்சான் திருப்பிக் கொடுத்த கடனா, டீ விற்ற காசா என்று அந்த ஏட்டுக்குப் பிரிக்கத் தெரியாது. அம்மன் காசுக்கு ஞாபகமே கிடையாது, இதற்கு ஞாபகம் மட்டும்தான் உண்டு.

நம்ம டீக்கடையிலும் இப்போது ரெண்டு அட்டை தொங்குகிறது. ஒன்று அவர் பேரில், இன்னொன்று அவர் சம்சாரம் பேரில். ஏன் என்று கேட்டேன்.

“எல்லாம் ஒரே எடத்துல சேர வேணாம்ல, சார்” என்றார்.