ஹீட்டர் குழாய் (எம்ஜிபி கார்)

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில், எஞ்சினின் சூடான குளிர்விப்பு நீரை ஹீட்டருக்குக் கொண்டுசென்று திருப்பும் ரப்பர் குழாய்கள். தொடக்கத்தில் ஹீட்டர் கூடுதல் விலைக்கே கிடைத்தது. 1798 கன செ.மீ. எஞ்சினின் சிலிண்டர் தலையிலுள்ள வால்விலிருந்து நீர் ஹீட்டருக்குச் செல்கிறது. திரும்பும் நீர் உலோகக் குழாய் வழியே ரேடியேட்டரின் கீழ்க்குழாயை அடைகிறது.

வெப்பம், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றால் ரப்பர் இறுகி வெடிக்கும் அல்லது ஊதி மென்மையாகும். சிதைவு பெரும்பாலும் உட்புறத்தில் தொடங்குவதால் வெளித்தோற்றம் நம்பத்தக்கதன்று. எஞ்சின் ஆறியபின் நீரை வடித்து, கிளிப்புகளைத் தளர்த்தி மாற்றுவர். ஒட்டிக்கொண்ட குழாயை முறுக்கி இழுத்தால் ஹீட்டரின் மெல்லிய உலோக முனை கிழியும். ஆகவே நீளவாக்கில் கீறி உரிப்பதே முறை. புதிய குழாய்க்கு எத்திலீன்-புரோப்பிலீன் வகை ரப்பர் ஏற்றது. மீண்டும் நீர் நிரப்புகையில் வால்வு திறந்திருக்க வேண்டும். இல்லையேல் ஹீட்டரில் காற்று தங்கும்.