பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? 4 வீல் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க!

போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் நின்றால், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகளைப் பார்க்கலாம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், கேரள மாநிலம் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக முடியும். அதனால் பழைய மகிந்திரா ஜீப்புக்கு இந்தப் பக்கம் மவுசு குறையவே இல்லை.

அவசரப்பட்டு வாங்கி கையைச் சுட்டுக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் மனைவி நகையை அடகு வைத்து ஒரு ஜீப் வாங்கினார். பின்பக்கம் 4 வீல் டிரைவ் என்று பெரிய ஸ்டிக்கர். முதல் மழைக்கே வண்டி சேற்றில் மாட்டிக்கிச்சு. கீழே குனிந்து பார்த்தால், முன் அச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாப்டையே காணோம்! டீசல் மிச்சமாகும் என்று எப்போதோ யாரோ கழற்றி விட்டிருக்கிறார்கள்.

முதலில் குனிந்து பாருங்க

எம்.எம்.540 மாடல் 4 வீலுக்குப் பேர் போனது. மேஜர், கமாண்டரில் 2 வீல் வண்டியும் நிறைய உண்டு. எனவே பெயரை வைத்து முடிவு செய்யக்கூடாது. கியர் பாக்சில் இருந்து முன்பக்கமும் பின்பக்கமும் ஷாப்ட் போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஈரமான மண் மேட்டில் வண்டியை ஏற்றச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். 4 வீல் போட்டதும் முன் சக்கரமும் மண்ணைப் பறிக்க வேண்டும். சக்கரத்தில் லாக் ஹப் இருந்தால் அதை முதலில் திருப்பி விடணும். காய்ந்த தார் ரோட்டில் 4 வீல் போட்டு வளைத்துப் பார்க்காதீங்க, கிரவுன், பினியனுக்குக் கேடு.

ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் கியரோ, 4 வீல் லீவரோ தானாக நழுவினால் பெரிய வேலை இருக்கு என்று அர்த்தம். வண்டி கிளம்பும்போது ‘டக்’ என்று அடித்தால் பெரும்பாலும் கிராஸ் தேய்ந்திருக்கும். அது சின்னச் செலவுதான். முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது கிங் பின் போயிருக்கும். மலை இறக்கத்தில் ஸ்டியரிங் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ஜினை ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்லணும். நீங்கள் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் உஷார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், போர் தேய்ந்துவிட்டது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்குகிறது.

சேசில் வெல்டிங் தழும்பு, துரு இருக்கா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பாடி ஓட்டையை அடைத்து விடலாம். சேஸ் போனால் வண்டியே போச்சு.

ஆர்.சி. புத்தகம்தான் உயிர்

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சேஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். பெட்ரோல் ஜீப்பில் பீஜோ டீசல் என்ஜினைப் பூட்டிய வண்டிகள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாவிட்டால் எப்.சி.யிலும், விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் சிக்கல். வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2019-ல் சொல்லி இருக்கிறது.

15 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டிய கார், ஜீப்புக்கு இந்தக் கட்டணம் 2025-ல் 10 ஆயிரம் ரூபாய் ஆக்கப்பட்டது. விலை பேசும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். வெளிமாநில வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லா சான்று கைக்கு வராமல் அட்வான்சுக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீங்க. “அப்புறம் வாங்கித் தர்றேன்ணே” என்று சொன்ன புரோக்கரைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.