சிவப்புக் கட்டம் வந்த வழி

புற்றுநோய் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டுகிறவர்கள் அந்தப் படத்தைத் தவறவிட முடியாது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாய் இருக்கும். ‘ஹீட்மேப்’ என்பார்கள். வரிசைக்கு ஒரு ஜீன், பத்திக்கு ஒரு திசு. ஜீன் மும்முரமாக இயங்கினால் சிவப்பு, அடங்கிக் கிடந்தால் பச்சை, வித்தியாசம் இல்லையென்றால் கறுப்பு.

அழகு பார்த்து எடுத்த நிறங்கள் அல்ல இவை. 1995இல் ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் பிரவுன் குழுவினர், கண்ணாடிச் சில்லில் ரோபோ கொண்டு டிஎன்ஏ புள்ளிகளை அச்சிட்டு, மைக்ரோஅரே என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு மாதிரிகளில் ஒன்றுக்குச் சிவப்புச் சாயம், மற்றதற்குப் பச்சை என்பது வழக்கமாயிற்று. 1998இல் அதே ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஐசன், ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஜீன்களை அடுத்தடுத்து அடுக்கிப் படமாக்கியபோது சாயத்தின் நிறமே படத்துக்கும் வந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண்களுக்கு அது வெறும் சேறு. நீலம், மஞ்சள் எல்லாம் பின்னால் புழக்கத்துக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலும் டாக்டர் டி. ராஜ்குமார் குழுவினர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை இதே மைக்ரோஅரேயில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். திசுவில் ஊடுருவிய புற்று 28, புற்றுக்கு முந்தைய நிலைகளில் 8, நோயில்லாத திசு 5. சில்லு காட்டியதை அப்படியே நம்பாமல், முக்கியமான ஜீன்களை பிசிஆர் என்ற வேறொரு முறையில் மறுபடி அளந்தார்கள். செல் பிரிவதில் பங்குள்ள யூபிஇ2சி என்ற ஜீன், புற்றாக மாறுவதற்குச் சற்று முந்தைய கட்டத்திலேயே தூக்கலாக இருந்தது.

என் கண் அந்த 5இல்தான் நிற்கிறது. கட்டியை வெட்டி எடுத்தால் ஆய்வுக்கும் ஒரு துண்டு கிடைத்துவிடும். நலமாக இருப்பவரிடம் போய்த் திசு கேட்க முடியுமா? வேறு காரணத்துக்காகக் கருப்பை எடுத்தால்தான் உண்டு. அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஜிடெக்ஸ் திட்டம் இதற்காக இறந்தவர்களின் குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, ஆயிரத்தை நெருங்கும் பேரின் திசுக்களைச் சேர்த்தது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

அடுத்த முறை இப்படியொரு படத்தைப் பார்த்தால், சிவப்பைத் தேடும் முன், ‘நார்மல்’ எத்தனை பேர், அவர்கள் யார் என்று பாருங்கள்.