கிங்ஸ் இண்டியன் தடுப்பாட்டம்

சதுரங்கத்தில் வெள்ளை டி4 என்று சிப்பாயை நகர்த்தித் தொடங்கும்போது கறுப்பு ஆடும் தொடக்கங்களில் ஒன்று. நடுப்பலகையை எதிராளிக்கு விட்டுவிட்டு, கறுப்பு முதலில் ராஜாவைப் பத்திரப்படுத்திக்கொள்கிறது: குதிரை எஃப்6-க்கும் மந்திரி ஜி7-க்கும் வந்ததும் கோட்டை கட்டிவிடும். சண்டை அதன்பிறகுதான்.

1850-களில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேனுடன் ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி, இந்த அமைப்பைப் பலமுறை கையாண்டார். நடுவைச் சிப்பாய்களால் பிடித்தே ஆகவேண்டும் என்று ஐரோப்பா நம்பிய காலம் அது. 1920-களில் ரெட்டி, நிம்சோவிச் போன்ற ஆட்டக்காரர்கள் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். ஆனாலும் இந்த ஆட்டத்துக்கு உண்மையான மரியாதை தேடித்தந்தவர்கள் உக்ரைனின் கான்ஸ்டான்டினோபோல்ஸ்கி, போலெஸ்லாவ்ஸ்கி, பிரான்ஸ்டீன் ஆகிய மூவரே. 1946-இல் நடந்த பிராகா–மாஸ்கோ போட்டியில் செக் வீரர்கள் ஜிட்டாவையும் பாக்மனையும் பிரான்ஸ்டீன் இதை வைத்தே வீழ்த்தினார். இரண்டு ஆட்டங்களிலும் எதிராளியின் கறுப்புக் கட்டங்களைக் காத்த மந்திரியை, தன் யானையைக் கொடுத்து வாங்கினார்.

இதன் புகழ்பெற்ற கிளை, அர்ஜென்டினாவில் 1953-இல் நடந்த போட்டியால் 'மார் டெல் பிளாட்டா' என்று பெயர் பெற்றது. வெள்ளை டி5 ஆடியதும் நடுப்பலகை பூட்டிக்கொள்கிறது. வெள்ளை ராணிப் பக்கமாக சி5 என்று முட்டுகிறது. கறுப்போ எஃப்5, எஃப்4, ஜி5, ஜி4 என்று தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களையே ஓட்டிவிடுகிறது. பார்ப்பவருக்குத் தற்கொலைபோலத் தோன்றும். ஆனால் நடு திறக்காதவரை வெள்ளையின் காய்கள் அந்தப் பக்கம் எளிதில் வரமுடியாது. ராஜாவைக் காப்பது உண்மையில் அந்தப் பூட்டுதான். சி8-இல் சும்மா கிடக்கும் மந்திரியை மாற்றிக்கொள்ள அனுபவசாலிகள் இசையமாட்டார்கள். எச்3-இல் பலியாகி வெள்ளை ராஜாவின் அரணை உடைப்பது பெரும்பாலும் அதுதான். இந்தத் தொடக்கத்தின் அழகு முழுவதும் அந்த மந்திரியிடம்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

உலகச் சாம்பியன்களான ஃபிஷரும் காஸ்பரோவும் இந்தத் தொடக்கத்தை ஆயுதமாக வைத்திருந்தார்கள். வெள்ளை ஒன்பதாவது நகர்த்தலிலேயே பி4 என்று பாயும் 'பயனட்' தாக்குதலைக் கிராம்னிக் கூர்மையாக்கினார். 1997-இல் அவரிடம் தோற்றபின் காஸ்பரோவ் இந்தத் தொடக்கத்தை ஏறக்குறைய கைவிட்டார். பின்னர் பாகூவின் ராஜபோவ் அதை மீண்டும் கையில் எடுத்தார். 2010-இல் பர்சாவில் நடந்த உலக அணிப் போட்டியில் கெல்ஃபாண்டை நாகமுரா வென்றதும் மார் டெல் பிளாட்டா கிளையில்தான். இன்றைய கணினிகள் வெள்ளைக்கே சாதகம் என்கின்றன. ஆனாலும் சமன் போதாது, வென்றே ஆகவேண்டும் என்ற நிலையில் கறுப்புக் காய்களோடு உட்காருபவர்கள் இன்னமும் இதைத் தேடி வருகிறார்கள்.