கூடூர் அபிரகமும் கத்தரி பிடித்த கைகளும்

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி, வெங்கடகிரி வழியாகக் கூடூர் 80 கிலோமீட்டர் சொச்சம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து நாங்கள் ரேணிகுண்டாவாசிகள் ஆன பிறகும், ஆயா வாயில் சைதாபுரம், கலிச்சேடு, இனிகுர்த்தி என்று கூடூர்ப் பக்கத்துப் பெயர்கள்தான் வரும். அங்கே அபிரகக் கொட்டகையில் வேலை பார்த்தவர் அவர்.

அபிரகம், அதாவது மைக்கா, ஒரு சிலிக்கேட் கனிமம். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அடுக்குகளுக்கு நடுவே பொட்டாசியம் லேசாகப் பிடித்திருக்கும். அந்தப் பிடி பலமில்லாததால் கத்தி முனை பட்டதும் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். துகளாக ஆற்று மணலிலும் மின்னுகிற பொருள்தான். கறையும் விரிசலும் இல்லாத பெரிய தகடாகக் கிடைப்பதுதான் அபூர்வம். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி உறைந்த பெக்மடைட் பாறைகளில் அது அமையும். கூடூர் வட்டாரத்துக்கு அந்த வாய்ப்பு இருந்தது. இனிகுர்த்திச் சுரங்கத்தில் 10 அடி அகலப் பாளங்கள் கிடைத்திருக்கின்றன. 30க்கு 24 அங்குலத்தில் குறையே இல்லாத தகடுகள் வெட்டியிருக்கிறார்கள். புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட் 1902இல் இந்திய அபிரகத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சுரங்கம், முதலாளி, ஏற்றுமதி என்று எழுதுகிறவர்கள் கொட்டகைப் பெண்களை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. விலையை நிர்ணயித்தது அவர்களுடைய கண்ணும் விரலும்தான். அப்போது பீகாரில் இருந்த கோடர்மாவில் அரிவாளால் ஓரம் சீவுவார்கள். அங்கே சிவப்புச் சாயல் கொண்ட ரூபி அபிரகம். இங்கே பச்சைச் சாயல்; கத்தரியால் சதுரமாக நறுக்குவார்கள். ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது கறை, இது காற்றுக்குமிழ், இது உள்விரிசல் என்று அந்தக் கணமே முடிவு செய்ய வேண்டும். 24 சதுர அங்குலத்துக்கு மேல் தேறினால் முதல் எண்; ஒரு சதுர அங்குலம்தான் தேறும் என்றால் ஆறாம் எண். கத்தரி சற்றுத் தவறினால் தகடு ஒரு தரம் கீழே இறங்கிவிடும். பிரிப்பதோ இன்னும் நுணுக்கம். வெங்காயச் சருகைவிட மெல்லியதாக, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு உரித்தெடுப்பார்கள். அளக்கக் கருவி கிடையாது; விரல்தான் அளவு.

அந்த ஏடுகள்தான் மின்மோட்டார்களிலும் மின்தேக்கிகளிலும் வானொலி வால்வுகளிலும் போய் உட்கார்ந்தன. சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது; இரண்டாம் உலகப் போரில் இது இல்லாமல் ராணுவ வானொலி இல்லை.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்து வால்வு போயிற்று. துண்டு துணுக்கைக் கூழாக்கிச் செய்யும் அபிரகத்தாள் வந்த பின் பெருந்தகட்டின் மதிப்பும் சரிந்தது. ஏற்றுமதிக்கென்று 1970களில் அரசு மிட்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. பெரிய வாடிக்கையாளரான சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. 2015இல் அபிரகம் சிறுகனிமப் பட்டியலுக்கு இறக்கப்பட்டது; 2025 வரை அதில்தான் இருந்தது. இப்போது சைதாபுரம் பக்கம் லாரி ஏறுவது, அபிரகத்தோடு கூடவே கிடைக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்.

கத்தரி பிடித்தவர்களில் சிலர் கூடூரில் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது. அவர்கள் கையில் ஒரு தகட்டைக் கொடுத்து, எங்கே வெட்டுவீர்கள், ஏன் அங்கே என்று கேட்டுப் படம்பிடித்து வைக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் நிறைந்த திருப்பதி ஒன்றும் வெகுதொலைவில் இல்லையே.