பழைய ஸ்போர்ட்ஸ் காரும் நடுவுல ஒரு பள்ளமும்

பழைய கார் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம ஊர்ல ரெண்டே ரெண்டு கருத்துதான். "எடைக்குப் போட்டுடுப்பா, இடமாவது மிச்சமாகும்" என்பது ஒண்ணு. "வெளிநாட்டுல இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல தர்றாங்களாமே" என்பது இன்னொண்ணு. ரெண்டும் உண்மைதான். ஒரே வண்டிக்கே வேற வேற வருஷத்துல இந்த ரெண்டு விலையும் பொருந்தும். அந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடக்குது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல்ல உச்சியைப் பார்த்துடுவோம். ஃபெராரி 250 ஜிடிஓ. 1962ல் இருந்து 1964 வரைக்கும் மொத்தமே 36 வண்டிதான் செஞ்சாங்க. புதுசா அமெரிக்காவுல விலை சுமார் 18,000 டாலர். 2014ல் ஒரு ஜிடிஓ ஏலத்துல 3.8 கோடி டாலருக்குப் போச்சு. 2018ல் இன்னொண்ணு 4.8 கோடி. 2023 நவம்பர்ல நியூயார்க்ல ஒண்ணு 5.17 கோடி டாலர். நம்ம பணத்துல நானூறு கோடிக்கு மேல! இதையும் தாண்டி, 2022ல் மெர்சிடிஸ் கம்பெனி தன்கிட்ட இருந்த ரெண்டே ரெண்டு 300 எஸ்.எல்.ஆர். கூபே கார்ல ஒண்ணை 13.5 கோடி யூரோவுக்கு வித்தது. ஆயிரம் கோடி ரூபாய் தாண்டின கார் அது.

இதைப் படிச்சுட்டு "அப்பவே ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாமே"ன்னு பெருமூச்சு விடறவங்க, இந்தக் கதையையும் கேட்டுக்கணும். 1960கள்ல ஒரு ஜிடிஓவை டெக்ஸாஸ்ல ஒரு ஹைஸ்கூலுக்குத் தானமாக் கொடுத்தாங்க. பசங்க இன்ஜினைப் பார்த்துப் படிக்கிறதுக்கு! பந்தயத்துல ஜெயிக்கிற காலம் முடிஞ்சுபோன கார், அதுக்கு வேற என்ன மதிப்பு? 1972ல் ஸ்கூல் அதை 6,500 டாலருக்குத் தள்ளிவிட்டது. வாங்கினவர் ஒரு டிரெய்லர் மேல ஏத்தி வெட்டவெளியில நிறுத்திட்டார். வருஷக்கணக்கா வெயில், மழை, பனி எல்லாம் அது மேலதான். புது விலையில பாதிகூட இல்லாத அந்தக் காலத்தைத்தான் நான் பள்ளம்னு சொல்றேன். கிட்டத்தட்ட எல்லாப் பழைய காரும் இதைத் தாண்டித்தான் வருது. பல கார்கள் தாண்டறதே இல்லை.

ஏறின விலை ஏறிக்கிட்டே இருக்கும்னும் நினைச்சுடாதீங்க. 1988 ஆகஸ்ட்ல என்ஸோ ஃபெராரி இறந்தார். அதோட ஜப்பான்ல பணம் கரைபுரண்டு ஓடின நேரம் வேற. 1989ல் ஜிடிஓ விலை 1.3 கோடி டாலரைத் தொட்டது. அடுத்த வருஷம் ஜப்பான் பங்குச்சந்தை சரிஞ்சது. அஞ்சாறு வருஷத்துல அதே ரகக் கார் முப்பது லட்சம் டாலர் பக்கத்துக்கு இறங்கிடுச்சு. கார்ல ஒரு போல்ட்டுகூட மாறலை, வாங்கறவன் கையில இருந்த காசுதான் மாறிச்சு.

சரி, விலையை எது தீர்மானிக்குது? எங்க வையம்பட்டிக்குப் பக்கத்துல மணப்பாறை மாட்டுச்சந்தை இருக்கு. அந்த மாதிரி சந்தையில வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சு வயசு பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க, எந்த ஊர்ல வளர்ந்ததுன்னு கேட்பாங்க. தரகர் துண்டுக்குள்ள கையை விட்டு விரல் பிடிச்சு விலை பேசுவார். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதேதான். பல்லுக்குப் பதிலா சேசிஸ் நம்பர், சுழிக்குப் பதிலா கம்பெனியில மாட்டின அதே இன்ஜின்தானாங்கற கேள்வி. எந்தப் பந்தயத்துல யார் ஓட்டினது, எத்தனை கை மாறிச்சு, அதுக்கெல்லாம் காகிதம் இருக்கா என்பதும் முக்கியம். எத்தனை வண்டி செஞ்சாங்க என்பது எல்லாத்துக்கும் மேல. ஏலத்துல போற விலை ஊருக்கே தெரியும். தனியாப் பேசி முடிக்கிற விலை துண்டுக்குள்ளயேதான் :-)

இப்ப நம்ம சென்னைக்கு வருவோம். 1948ல் ஆரம்பிச்ச ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிக்கு வண்டலூர்ல தொழிற்சாலை. 1961ல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவந்தது. இங்கிலாந்துல இதுக்குப் பேர் ட்ரையம்ஃப் ஹெரால்ட். "ஹெரால்ட் ஸ்போர்ட்ஸ் காராய்யா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. அது குடும்பக் கார்தான். ஆனா அதோட அடிச்சட்டத்தை நீளம் குறைச்சு, அதே மிச்சலாட்டி வரைஞ்ச வேறொரு உடம்பை மேல மாட்டி, 1962ல் இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. முழு பானெட்டும் முன்பக்கமாத் திறக்கற அந்த அழகு ரெண்டுக்கும் பொது. ஒரே வயித்துப் பிள்ளைங்க.

ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும் மூணு லட்சத்துக்கு மேல தயாரானது. அதனாலதான் இன்னிக்கும் அது இங்கிலாந்துல சாதாரண ஆளும் வாங்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரா இருக்கு. எண்ணிக்கை கூடினா விலை ஏறாது. ஆனா அதனாலயே ஸ்பேர் கிடைக்குது, கிளப் இருக்கு, வண்டி சாகலை. ஹெரால்டோட கதை வேற. இங்கிலாந்துல 1963லயே "ஸ்டாண்டர்ட்"ங்கற பேரை மூட்டை கட்டிட்டாங்க. அந்தப் பேர் அதுக்கப்புறமும் உயிரோட இருந்தது நம்ம வண்டலூர்லதான். நாலு கதவு வெச்ச ஹெரால்ட் உலகத்துலயே இங்க மட்டும்தான் வந்தது. அப்புறம் 1972ல் கெஸல். 1977ல் அதுவும் நின்னுடுச்சு. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து, 1988ல் தொழிற்சாலையே மூடியாச்சு.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒண்ணு இருக்கு. 1953ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் பந்தயம் நடத்தினது. ஃபியட், ஹெரால்டுன்னு வீட்டு வண்டிகளை முறுக்கேத்திக்கிட்டு வருவாங்க. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டினதும் அங்கதான். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில புதுத் தடம் வந்தது. இங்கிலாந்துல ஒரு காருக்கு இப்படி ஒரு பந்தயக் கதை இருந்து, அதுக்கு ஒரு போட்டோவும் ஒரு ரசீதும் இருந்தா, அதுக்கே தனி விலை. இங்க அந்த வண்டிகள்ல எத்தனைக்குக் காகிதம் மிஞ்சியிருக்கும்?

ஏன் இங்க யாரும் காப்பாத்தலை? காரணம் சோம்பேறித்தனம் இல்லை. லைசென்ஸ் ராஜ்யத்துல கார் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தினது. கம்பெனிக்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1971ல் தீர்ப்பு வாங்கின வழக்கெல்லாம் உண்டு. புது வண்டிக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும். அதனால ஓடின ஃபியட், புது ஃபியட்டைவிட அதிக விலைக்குப் போச்சு! வெளிநாட்டுல பழசு புதுசை மிஞ்சினது ஆசையால. நம்மகிட்ட மிஞ்சினது க்யூவால. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்ததும் அந்த க்யூ கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சது, கூடவே பழைய கார் விலையும் சரிஞ்சது. ஆசை வர்றதுக்கு முன்னாடியே க்யூ போயிடுச்சு. நடுவுல விழுந்தது பள்ளம். ஹெரால்டுகள் கொத்துக்கொத்தா காயலான் கடைக்குப் போனது அதனாலதான்.

இன்னிக்கும் ஒரு பள்ளம் இருக்கு, அதைத்தான் முக்கியமாச் சொல்ல வந்தேன். 2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, பழைய உருவம் மாறாம இருந்தா, நம்பர் பிளேட்ல "வி.ஏ." எழுத்தோட தனிப் பதிவு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனா 50 ஆகறதுக்கு முன்னாடி? 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. புகை கக்கற வண்டியை ஒதுக்கணும்ங்கற நியாயம் எனக்கும் புரியுது. ஆனா 20க்கும் 50க்கும் நடுவுல நிக்கற வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஆதரவு இல்லை. 1985ல் பதிவான ஒரு ஸ்டாண்டர்ட் 2000, 2035 வரைக்கும் தாக்குப்பிடிக்கணும். கடைசிக் கெஸல்களுக்கு 2027லதான் 50.

ஆயிரம் கோடி கொடுத்தவர் சரித்திரத்தைக் காப்பாத்தினார்னு ஏலக்காரங்க சொல்லுவாங்க. அவர் கடைசியில வந்தவர். விலையே இல்லாத காலத்துல, ஊரே சிரிச்சப்ப, வண்டிக்கு ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடி வெச்சவன்தான் காப்பாத்தினவன். அப்படி மூடி வெச்ச எல்லா வண்டியும் கோடி தராது, ஹெரால்ட் நிச்சயமாத் தராது. ஆனா உலகத்துல வேற எங்கயும் செய்யாத நாலு கதவு ஹெரால்ட் நம்ம வண்டலூர்ல செஞ்சதுன்னு காட்டறதுக்கு நாலு வண்டியாவது மிஞ்சணும் இல்லையா?

உங்க சொந்தக்காரங்க வீட்டுக் கொட்டகையில ஏதாவது நிக்குதுன்னா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ரெண்டே வேலை. பீரோவுல ஆர்.சி. புக் இருக்கான்னு தேடுங்க. சேசிஸ் நம்பரைத் துடைச்சுப் பார்த்து எழுதி வையுங்க. பல்லும் சுழியும் தெரியாத மாட்டுக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை.